எஸ்தர் டீச்சருக்கு வந்த இழுப்பு

ஜூன் 3, செவ்வாய்

மருமகள் வந்து இறங்கிவிட்டாள். பெட்டி இரண்டு, பை மூன்று. பெயர் தாரணி, ஊர் கோபிச்செட்டிப்பாளையம். என் மகன் நம்பிராஜன் கப்பலில் இன்ஜினீயர். கல்யாணம் முடிந்த கையோடு கடலுக்குப் போய்விட்டான். இவளுக்கு இங்கே பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவன் திரும்பும்வரை வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர் கைலாசம், இவள்.

நல்ல பெண்தான். ஒரே குறை, பாம்புக் காது. மாடிப்படி ஏறிப் போய் அவளுக்கு அறையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, எங்கியோ விசில் சத்தம் கேக்குதுங்களே, குக்கருங்ளா?"

"பக்கத்து வீட்டுல வச்சிருப்பா" என்றேன்.

பக்கத்து வீடு பொங்கலிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. அது அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

ஜூன் 5, வியாழன்

காலையில் பூங்காவுக்கு அவளையும் கூட்டிப்போனேன். எங்கள் சிரிப்பு மன்றத்தைப் பார்த்து அசந்துவிட்டாள். நாற்பது பேர் வட்டமாக நின்று வானத்தைப் பார்த்துச் சிரிப்பது லேசான காரியமா? நான்தான் தலைவி. தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு காலத்தில் என் குரலைக் கேட்பதற்காகவே ட்ரங்க் கால் புக் செய்தவர்கள் உண்டு. என் முதல் சிரிப்புக்குப் பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறக்க வேண்டும். அது எங்கள் விதி.

ஜூலை ஆறாம் தேதி மாவட்டச் சிரிப்புப் போட்டி. போன தடவை அம்பாசமுத்திரத்துக்காரர்கள் தட்டிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

எதிர்வீட்டு எஸ்தர் டீச்சருக்கு என் இடத்தின் மேல் ஒரு கண். அவளும் ஓய்வு பெற்றவள்தான். ஒருமுறை மூச்சை இழுத்தால், தேர் ரதவீதி சுற்றி நிலைக்கு வரும்வரை சிரிப்பாள். சிரிப்பு என்றால் அளவு வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டுக்கு வந்ததும் தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. அதற்கு ஒரு நீலக் குழல் உண்டு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குளியலறையில் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. வாங்குவது மேலப்பாளையத்தில். நம் தெரு மருந்துக்கடை பொன்னுலிங்கம் மன்றத்தின் பொருளாளர். அவரிடம் போய் இதையெல்லாம் கேட்க முடியுமா?

ஜூன் 8, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டின்போது இவர் தாரணியிடம், "லேப்புல ஒனக்கு என்ன வேலைம்மா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"சீவுறதுங்க மாமா. மனுசங்க மூச்சுக்குழாயை மெழுகுல வெச்சு, வெங்காயச் சருகை விட மெலிசாச் சீவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்புல வெக்கோணும். ஆஸ்துமாக்காரங்களுக்குக் குழாய்ச் சுவர் எப்படி மாறுதுன்னு எங்க மேடம் ஆராய்ச்சி பண்றாங்க."

நான் அப்போது வெண்டைக்காய்ப் பொரியல் வைத்துக்கொண்டிருந்தேன். வட்ட வட்டமாக நறுக்கியது. அவள் ஒரு வில்லையை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"நல்லா இருக்கறவங்களுக்கு இந்த மாதிரிங்க. சுவர் மெலிசு, நடுவுல ஓட்டை பெருசு. இழுப்பு வந்து வந்து, சரியா மருந்து எடுக்காம உட்டவங்களுக்குச் சுவர் தடிச்சுப் போயிருமுங்க. உள்தோலுக்கு அடியில தழும்பு மாதிரி ஒரு பட்டை கட்டிக்கும். சுத்தி இருக்கற தசை, ஜிம்முக்குப் போறவன் கையாட்டம் பெருத்துரும். சளி சுரக்கற இடமெல்லாம் பெருகிரும். நடுவுல ஓட்டை மட்டும் சின்னதாயிரும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணுந் தெரியாது."

பிறகு வெண்டைக்காயின் பிசுபிசுப்பை விரலில் இழுத்து, "சளி இப்புடித்தான் அடைச்சுக்கும்" என்றாள்.

இவர் பொரியலை இலை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு ரசத்துக்குப் போய்விட்டார். நான் நன்றாகவே சாப்பிட்டேன். எனக்கென்ன?

ஜூன் 9, திங்கள்

மீந்த வெண்டைக்காயில் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சும்மாதான்.

ஜூன் 14, சனி

தாரணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து மடித்தேன். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஏட்டி, அந்தச் சுவர் தடிச்சுப் போகும்னியே, அது மறுபடி மெலியாதா?"

"யாருக்குங்க அத்தை?"

இப்படித் திருப்பிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எதிர்வீட்டில் எஸ்தர் டீச்சர் கோலத்தை மிதித்த ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"எஸ்தர் டீச்சருக்கு" என்றேன். "பாவம், வெளிய சொல்லமாட்டா."

ஆட்டை அவள் தெருமுனைவரை விரட்டிக்கொண்டு ஓடினாள். தாரணியும் பார்த்தாள். 

"டீச்சர் என்ன மருந்து எடுக்கறாங்க?"

"நீலக் குழல் ஒண்ணு. இழுக்கும்போது மட்டும். ஒம்பது வருசத்துக்கு முன்னால டாக்டர் ஒருத்தர் ஆரஞ்சுக் குழல் ஒண்ணும் குடுத்திருக்காரு, தினமும் ரெண்டு வேளைன்னு. ரெண்டு நாள் அடிச்சுப் பாத்தா. ஒண்ணும் கேக்கல. தூக்கிப் போட்டுட்டா."

தாரணி மடித்த சேலையையே மறுபடி விரித்து மடித்தாள்.

"அது உடனே கேக்காதுங்க அத்தை. நீலம் இறுக்கத்தைத் தளத்தி உடும், அவ்ளோதான். உள்ள இருக்கற வீக்கத்தைத் தணிக்கறது ஆரஞ்சுதான். அது இல்லாம நீலத்தை மட்டும் அடிச்சுட்டே இருந்தா, மேல ஆளு நல்லா இருக்கற மாதிரி இருக்கும், உள்ள சுவர் தடிச்சுட்டே போகும். இப்ப ஆரம்பிச்சாலும் கொஞ்சம் சரியாகுமுங்க. மீதி அப்படியே நின்னுரும். டீச்சருக்கு எத்தனை வருசமா இருக்குதுங்க?"

"இருவது இருக்கும்" என்றேன். உடனே, "எனக்கு எப்படித் தெரியும்?" என்றும் சொல்லிவைத்தேன்.

"டீச்சர்கிட்டச் சொல்லுங்க, சாம்பிராணிப் புகை வேண்டாம்னு."

ஜூன் 15, ஞாயிறு

இன்று முதல் வீட்டில் சாம்பிராணி கிடையாது. விலை ஏறிவிட்டது.

ஜூன் 18, புதன்

ஒரு சின்ன சிக்கல். நானும் தாரணியும் பேசியதை இவர் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறார். இவருக்கு இளகிய மனசு. இன்று காலை பால் பூத்தில் எஸ்தர் டீச்சரின் கையிலிருந்து பையைப் பிடுங்கி, "நீங்க தூக்காதீங்க டீச்சர், மூச்சு வாங்கும்" என்று வீடுவரை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அதோடு விட்டாரா? பொன்னுலிங்கத்திடமும் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்.

பொன்னுலிங்கத்திடம் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி.

ஜூன் 20, வெள்ளி

பூங்காவில் எஸ்தர் டீச்சருக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். "எனக்கு எதுக்கு?" என்றாள். "பரவால்ல, உக்காருங்க" என்று நாலு பேர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவள் கோபத்தில் வேகமாக மூச்சு விட்டாள். "பாத்தியளா, பாத்தியளா" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போட்டியில் அவளைப் பின் வரிசையில் நிறுத்தலாம் என்று பொன்னுலிங்கம் சொன்னார். நான் அதில் தலையிடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எஸ்தர் டீச்சர் கோயில் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் பைபிள், இன்னொரு கையில் ஒரு பெரிய கட்டைப்பை. பையை என் கூடத்தில் கவிழ்த்தாள். ஆடாதோடை இலை ஒரு கட்டு, தூதுவளைப் பொடி, சித்தரத்தை, யாரோ கொடுத்த திருநீறு, தொண்டையில் தடவ ஒரு தைலம்.

"ஆவுடை, எனக்கு ஆஸ்துமாவாம். ஊரே சொல்லுது. இன்னைக்கு பாஸ்டர் எனக்காகத் தனியா ஜெபம் பண்ணுதாரு. பாடகர் குழுவுல இருந்து என்னை எறக்கி விட்டுட்டாவ. யாரு கெளப்பி விட்டான்னு விசாரிச்சா, பால் பூத்துல வந்து நிக்கி. ஒங்க வீட்டுக்காரர் சொன்னாராம். எனக்கே தெரியாத சீக்கு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். முப்பத்தைந்து வருட இல்லறத்தில் இவர் செய்த சிறந்த காரியம் அது.

நான் ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் தாரணி முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தானுங்க டீச்சர். ஊருக்குப் புதுசுங்களா, வேற யாரோன்னு நெனச்சு உங்க பேரைச் சொல்லிட்டனுங்க. மன்னிச்சுக்குங்க."

எஸ்தர் டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்வை என் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. "சின்னப் பிள்ள. போகட்டும்" என்று சொல்லிவிட்டு, மூலிகையை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

நான் அடுக்களைக்குப் போனேன். தாரணி பின்னாலேயே வந்தாள். கத்துவாள் என்று பார்த்தேன். காபிக்குப் பால் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் லீவு போடறனுங்க அத்தை. எஸ்தர் டீச்சரை நெஞ்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாமுங்களா?"

"போட்டி முடியட்டும்" என்றேன். "டீச்சர் இப்ப வரமாட்டா."

"சரிங்க அத்தை" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

ஆனிக் காற்று. தெருவே புழுதி. மேலப்பாளையம் கடைக்காரப் பையன், "அம்மா, போன வாரந்தான வாங்குனீங்க?" என்றான். அது கைதவறிக் கிணற்றில் விழுந்துவிட்டது என்றேன். எங்கள் வீட்டில் கிணறு கிடையாது. வரவர எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

மாடிக்குப் போய்த் துணி எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இவர் எடுத்துவந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

மயில்கழுத்து நிறச் சேலை. தொண்டை சுத்தம். நீலக் குழலைக் கைப்பையில் வைத்தேன். கைப்பை மேடைக்கு வருகிறது, நாலு பேர் கண்ணில் படும் என்று எடுத்துவிட்டேன். புறப்படுகிறோம். கோப்பை நமக்குத்தான்.

ஜூலை 9, புதன்

மருத்துவமனை. இன்றுதான் பேனா பிடிக்க விட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியதும் மண்டப வாசலில் சரவெடி போட்டார்கள். புகை முழுவதும் உள்ளே வந்தது. அம்பாசமுத்திரத்துக்காரர்கள் இருமிக்கொண்டே சிரித்தார்கள். அடுத்து நாங்கள்.

நான் முன்னால் வந்து, கையை விரித்து, என் வழக்கமான முதல் சிரிப்பைத் தொடங்கினேன். "ஹா" என்று காற்று வெளியே போனது. உள்ளே வரவில்லை. இழுத்தேன். நெஞ்சுக்குள் விசில் ஊதியது. மைக் முன்னால் நின்றதால் அந்த விசில் மண்டபம் முழுவதும் கேட்டது.

கூட்டம் கைதட்டியது.

புது மாதிரிச் சிரிப்பு என்று நினைத்துவிட்டார்கள். எனக்குத் தோள் ஏறி ஏறி இறங்குகிறது, கண் பிதுங்குகிறது, மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள் என்று முன் வரிசையில் ஒருவர் தொடையில் தட்டினார். நடுவர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். என் பின்னால் முப்பத்தொன்பது பேரும் விதிப்படி சிரிக்கத் தொடங்கினார்கள். பொன்னுலிங்கம் என் காதருகே வந்து, "பிரமாதம்! விட்ராதீய!" என்றார். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தைக்குக்கூடக் காற்று இல்லை. செத்துப்போனால்கூட இவர்கள் ஒன்ஸ்மோர் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

முதலில் சிரிப்பை நிறுத்தியது எஸ்தர் டீச்சர். பின் வரிசையிலிருந்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைத் தாங்கி உட்கார வைத்தாள். "ஏ, சிரிக்காதிய! அவளுக்கு மூச்சு முட்டுது!" என்று அவள் போட்ட சத்தத்தில் மண்டபம் அடங்கியது. தாரணி பார்வையாளர் வரிசையிலிருந்து மேடைமேல் ஏறி வந்தாள். படிக்கட்டு வழியாக அல்ல, நேராக.

"அத்தை, பம்ப் எங்கீங்க?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். தாரணியின் முகம் வெளுத்தது.

எஸ்தர் டீச்சர் தன் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு நீலக் குழல், பிரிக்காத அட்டைப்பெட்டியோடு. "இந்தப் பொன்னுலிங்கம் வேண்டாம்னாலும் கேக்காம, கையில வச்சுக்கிடுங்க டீச்சர்னு திணிச்சான்" என்றாள்.

தாரணி ஒரு காகித டீக் கப்பின் அடியைக் கிழித்து, குழலை அதில் செருகி, என் வாயும் மூக்கும் மூட வைத்து அழுத்தினாள். "மெதுவா இழுங்க அத்தை. இன்னொண்ணு. நான் இருக்கறனுங்க. இன்னொண்ணு."  

பிறகு ஆம்புலன்ஸ். பிறகு முகத்தில் மூடி, ஊசி, புகைபோல மருந்து. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் இவரிடம் தொடங்கியபோது இவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாராம்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். 'உடல் முழுவதும் ஈடுபட்ட சிரிப்பு' என்று நடுவர் எழுதியிருந்தாராம். எஸ்தர் டீச்சர் நேரில் போய் விஷயத்தைச் சொல்லி, கோப்பையை அம்பாசமுத்திரத்துக்குக் கொடுக்க வைத்துவிட்டாள். அதுதான் சரி. ஆனாலும் கேட்டதும் கொஞ்சம் வலித்தது.

ஜூலை 10, வியாழன்

தாரணி கஞ்சி ஊட்டினாள். எனக்கே சாப்பிட முடியும், ஆனாலும் விட்டுவிட்டேன்.

"ஏட்டி, ஒனக்கு எப்ப தெரியும்?"

"வந்த அன்னைக்கேங்க. குக்கர்னு சொன்னீங்க. பக்கத்து வீட்டுக் கதவுல செலந்தி கூடு கட்டியிருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா இல்லைம்பீங்க. எஸ்தர் டீச்சர்னு பேசுனப்போ அத்தனை விவரமும் சொன்னீங்க. சரி, அப்படியே பேசிப் பேசி டாக்டர்கிட்டக் கொண்டு போயிரலாம்னு நெனச்சனுங்க. போட்டிக்கு முன்னாடியே இழுத்துட்டுப் போயிருக்கோணும். உட்டுட்டேன்." கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊருக்குப் புதிய பெண், பிறர் பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள், என் கட்டிலருகே அழுகிறாள்.  கிண்ணத்தை வாங்கி அவளுக்கு ஒரு வாய் ஊட்டினேன். உப்பில்லாத கஞ்சி. அவளும் சாப்பிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

வீடு. எஸ்தர் டீச்சர் வந்தாள்.

"டீச்சர், ஒங்க பேரை…" என்று தொடங்கினேன்.

"தெரியும். அன்னைக்கு ஒன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும். அந்தப் பிள்ளைக்காக விட்டேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஆஸ்துமான்னா என்ன, திருட்டா? எனக்கு சர்க்கரை இருக்கு, மூலம் இருக்கு. கேட்டா சொல்லுவேன்."

"மூலத்தையுமா?"

"நீ கேக்கலியே."

அடுத்த ஞாயிறு பாஸ்டரிடமும் பாடகர் குழுவிடமும் நானே வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டேன். அவள் திரும்பவும் மூன்றாவது குரலில் பாட வேண்டும். மன்றத்தின் முதல் சிரிப்பும் இனி அவளுடையது. நானாகத்தான் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆரஞ்சுக் குழல் காலையும் மாலையும். அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டுமாம். கொப்பளிக்கிற சத்தம் கேட்கும்வரை தாரணி கதவுக்கு வெளியே நிற்கிறாள். இன்று மாடித் துணியை நான் எடுத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஊதிப் பார்க்கும் சோதனை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஒரு பெண், "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க" என்று கத்தினாள். பிரசவ அறையில்கூட என்னைப் பார்த்து அப்படி யாரும் கத்தவில்லை.

டாக்டரம்மா இரண்டு கோடுகளைக் காட்டினார். ஜூலையில் எடுத்தது கீழே, இன்று எடுத்தது மேலே. எனக்கு ஒரே பெருமை. அதற்கும் மேலே புள்ளி புள்ளியாக மூன்றாவது ஒரு கோடு இருந்தது.

"அது யாருது?" என்றேன்.

"உங்க வயசுல, உங்க உயரத்துல, ஆஸ்துமா இல்லாதவங்களுக்கு இருக்க வேண்டியது."

"அங்க எப்ப போவேன்?"

அவர் பேனாவை மூடினார். "அது வரைக்கும் போகாதும்மா. வீக்கம் வடிஞ்சதால இவ்வளவு திரும்பியிருக்கு. மீதி, சுவர் தடிச்சது. அது அப்படியேதான் இருக்கும். மருந்தை விடாம எடுத்தா இதுக்கு மேல மோசமாகாமப் பாத்துக்கலாம்."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். தாரணி மாத்திரை உறையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது. எனக்கு அந்தப் புள்ளிக் கோடு கண்ணிலேயே நின்றது. இருபது வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்த நீலக் குழல்கள் எத்தனையோ.

"ஏட்டி," என்றேன், "அந்த ஆரஞ்சுக் குழலை நான் தூக்கிப் போட்டப்பவே நீ இந்த வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"அப்ப நான் ப்ளஸ் டூங்க அத்தை. கெமிஸ்ட்ரில பெயிலு."

அடக்க முடியவில்லை. மன்றத்துச் சிரிப்பு இல்லை. கையை விரிக்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சு ஆடியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாரணி சிரிக்காமல், ஒரு கையை என் முதுகில் வைத்து, நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இப்ப உள்ள இழுங்க அத்தை."

இழுத்தேன். வந்தது. முழுதாக இல்லை. ஆனாலும் வந்தது.